முப்பத்தொன்றாம் பாட்டில் ஓரசை குறைகிறது

காலைமுறை முடிந்து கையுறை கழற்றி,
எத்தனை தேய்த்தும் போகாத கொட்மீன் வாடையோடு
மர்யூன் பென்சிலைச் சீவுகிறாள்.
சூவுரோய் தீவில் பகல் மூன்றுக்கே இருட்டு.
மாலை வகுப்புக்கு ஒரு கட்டுரை தர வேண்டும்:
ஒரு கடற்கதைப் பாடலின் யாப்பு, இயைபு, மடக்கு.
வெள்ளிக்கிழமைக்குள்.

அறுபது பாட்டு. பாட்டுக்கு நாலு வரி.
நாலு தட்டு, மூன்று தட்டு, நாலு, மூன்று.
விரல்முட்டியால் மேசையில் தட்டிப் பார்க்கிறாள்.
'நீண்ட வரி ஏறும் அலை, குட்டை வரி இறங்கும் அலை'
என்று எழுதி, உடனே அடிக்கிறாள்.
அழகாக இருக்கிறது. ஆதாரம் இல்லை.

இயைபு வரியின் வாலில்.
இரண்டும் நான்கும் ஒரே ஓசையில் முடியும்;
ஒன்றும் மூன்றும் துணையில்லாமல் கிடக்கும்,
கொடியில் தொங்கும் ஒற்றைக் காலுறைகள்.
வரியின் தலையில் எதுகை தேடிப் பழகிய எனக்கு இது
பின்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைவது மாதிரி.

மடக்கு எளிது. ஒவ்வொரு பாட்டுக்குப் பிறகும்
அதே வரி:
எட்டுப் பேர் வலிக்கிறோம், கரை தெரிகிறது.
தூண்டில் இறக்கும்போது அது. கயிறு சிக்கும்போது அது.
தெற்கு முனையில் காற்று திரும்பி
கரை என்று ஒன்று இல்லாமலே போனபோதும் அது.
பன்னிரண்டு முறை கேட்டதும் பொருள் தேய்ந்து
வெறும் மூச்சாகிறது.
இருபது தாண்டினால் மூச்சு பொய்யாகிறது.
இதை எழுதினாள். அடிக்கவில்லை.

முப்பத்தொன்றில் பென்சில் நின்றது.
ஏழு பேர் வலிக்கிறோம், ஆம், கரை தெரிகிறது.

யார் இந்த 'ஆம்'?
அடிக்குறிப்பைப் பார்த்தாள்: படியெழுதியவர் விட்ட பிழை,
ஓசை நிரம்பப் பதிப்பாசிரியர் சேர்த்தது.
நம் புலவர்கள் 'அரோ' வைப்பார்களே, அதுபோல.

அவர்கள் மொழியில் எட்டு என்பது ஆட்டா. இரண்டு அசை.
ஏழு ஒரே அசை. வாய் திறந்ததுமே முடிந்துவிடும்.
தமிழில் எட்டும் தேமா, ஏழும் தேமா;
எங்கள் படகில் ஒருவன் குறைந்தால்
யாப்புக்குத் தெரியாது.
இங்கே தெரிந்திருக்கிறது.

பாட்டில் வேறெங்கும் அவன் விழவில்லை.
அலறல் இல்லை, பெயர் இல்லை.
முப்பதில் பாயைச் சுருட்டுகிறார்கள். முப்பத்தொன்றில் எண் மாறுகிறது.
முப்பத்திரண்டில் மறுபடியும் எட்டு.
அறுபது வரை எட்டு. கரை ஏறியும் எட்டு.

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் ஹோக்னியை
அழைத்தாள். ஊர்க்கூடத்தில் வட்டச் சங்கிலி ஆட்டத்துக்கு
அவன்தான் முன்னடி.
'அந்த இடத்தில் உன் கால் என்ன செய்யும்?'
பின்னணியில் சங்கிலி உரசும் ஓசை. பிறகு:
'தயங்கும். இடது கால். ஏன் என்று யோசித்ததில்லை.
புத்தகம் வந்த பிறகு எல்லோரும் ஆம் சொல்கிறோம்.'
'சனிக்கிழமை சொல்லாதீர்கள்.'

கட்டுரை வெள்ளிக்கிழமை போகவில்லை.

சனி இரவு. வாத்தியம் இல்லை. பலகைத் தரைதான் பறை.
கைகோத்து நாற்பது பேர், ஈரக் கம்பளி நெடி,
முப்பது பாட்டுக்குப் பிறகு முழங்கால்கள் தாமே நடக்க,
ஏழு பேர் வலிக்கிறோம்
என்றதும் கால்கள் அந்தரத்தில் நின்றன.
தரையில் ஒன்றும் இல்லை.

போன மாதம்தான் தொழிற்சாலையில் சேர்ந்த ரோடெல்,
பிலிப்பைன்ஸ்காரன், அவனிடம் சொல்ல மறந்துவிட்டார்கள்.
வழக்கப்படி அடி வைத்தான்.
ஒற்றைச் சத்தம்.

யாரும் திரும்பவில்லை.
சங்கிலி நெடுக, கை கையாக, பிடி கொஞ்சம் இறுகியது.
கரை தெரிகிறது என்றார்கள்.
பிறகு எட்டு.